பிக்கப்பில் ட்ரெய்லர் மாட்டி எல்லை தாண்டுமுன்: எடைக் கணக்கில் நடக்கும் தவறுகள்

ஒன்ராறியோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிக்கப்பில் வேலைக்குப் போகத் தொடங்குபவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். லைட் எரிகிறதா, பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா, காப்புறுதி அட்டை கையில் இருக்கிறதா என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே எடையைப் பற்றி மட்டும்.

"ட்ரெய்லர் காலிதானே!"

அதிகம் செலவு வைப்பது இதுதான். எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் இது நிற்காதது உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது.

ஒலி அமைப்பு வாடகைக்கு விடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அரை டன் ட்ரக், அதாவது வழக்கமான சின்ன ரகப் பிக்கப். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள லேபிளில் ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது தயாரிப்பாளர் அனுமதித்த உச்ச மொத்த எடை, 7,000 பவுண்ட். பின்னால் இரட்டை அச்சு ட்ரெய்லர், அதற்கும் 7,000 பவுண்ட். சாமான் எதுவும் இல்லாமல் தராசில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து 8,000 பவுண்டைக்கூடத் தொடாது. "நான் 10,000-க்குக் கீழேதானே" என்று நிம்மதியாக எல்லைப் பாலம் ஏறுகிறார்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதி அப்படிப் பார்ப்பதில்லை. நிஜ எடை, லேபிள் எடை இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. ட்ரெய்லர் மாட்டியிருந்தால் இரண்டு லேபிளையும் கூட்ட வேண்டும்: 14,000 பவுண்ட். வரம்பு 10,001 பவுண்ட், அதாவது 4,536 கிலோ. தொழிலுக்காக மாநில எல்லையோ நாட்டின் எல்லையோ தாண்டினால் அது அங்கே வணிக வாகனம். யு.எஸ்.டாட் எண்ணும் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நிறுவனத்துக்குத் தரும் எண்) நிறுவனப் பெயரும் ட்ரக்கின் இரு பக்கமும் 50 அடியிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். யு.சி.ஆர். எனப்படும் வணிக வாகன நிறுவனங்களுக்கான ஆண்டுப் பதிவு, ஓட்டும் நேர விதிகள், ஓட்டுநரின் மருத்துவத் தகுதி, ட்ரக்குக்கும் ட்ரெய்லருக்கும் ஆண்டுப் பரிசோதனை, தீயணைப்பான், மூன்று எச்சரிக்கை முக்கோணங்கள் என்று எல்லாம் சேர்ந்து வரும்.

ஒன்ராறியோவில் பார்ப்பது நிஜ எடையையும் பதிவுச் சான்றில் எழுதிய எடையையும். இரண்டும் 4,500 கிலோவைத் தாண்டாதவரை சி.வி.ஓ.ஆர்., அதாவது வணிக வாகனம் இயக்குபவருக்கான மாகாணப் பதிவு, கேட்கமாட்டார்கள். உள்ளூரில் பல வருடம் ஒருவரும் மறிக்காத அதே வண்டி அக்கரையில் மாட்டுப்படுவது இதனால்தான்.

சின்ன ட்ரெய்லர் என்றாலும் கூட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். ஒற்றை அச்சு ட்ரெய்லர்கள் பலவற்றில் லேபிள் 2,990 பவுண்ட் என்று இருக்கும். 7,000 பவுண்ட் ட்ரக்குடன் சேர்த்தால் 9,990, வரம்புக்குள். ட்ரக்கின் லேபிள் 7,050 ஆக இருந்தால் 10,040, வரம்புக்கு வெளியே. ட்ரக்கின் விளம்பரத்தையோ விற்றவர் வாய்மொழியையோ நம்பி இந்தக் கூட்டலைச் செய்ய முடியாது. ட்ரெய்லரின் லேபிள் இடது பக்கம், முன்பாதியில் ஒட்டியிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

"சொந்தப் பாவனைதான்" என்று சொல்லிவிட்டால் போதுமா?

போதாது. சொந்தப் பொருள், கூலி இல்லை, தொழிலோடு தொடர்பில்லை என்றால் அமெரிக்காவில் விலக்கு உண்டு. ஒன்ராறியோவிலும் உண்டு, ஆனால் பிக்கப்பின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 6,000 கிலோவுக்கு உட்பட்டிருக்க வேண்டும், பின்பெட்டி தயாரிப்பாளர் பொருத்தியபடி இருக்க வேண்டும், தொழிற்கருவி எதுவும் ஏற்றியிருக்கக் கூடாது. பயணச் செலவைத் தொழிற்செலவாக வரிக்கணக்கில் காட்டிவிட்டு, சாலையில் நிறுத்தும்போது சொந்தப் பயணம் என்று வாதாடுவது எடுபடாது.

4,500-உம் 4,536-உம் ஒன்றல்ல

அரை டன்னுக்கு அடுத்த ரகமான முக்கால் டன் பிக்கப்புகள் பலவற்றின் லேபிள் சரியாக 10,000 பவுண்ட். தனி ட்ரக்காக அது அமெரிக்க வரம்புக்கு ஒரு பவுண்ட் கீழே. அதே லேபிள் அளவுக்கு முழுச் சுமை ஏற்றினால் 4,536 கிலோ. ஒன்ராறியோ வரம்பை 36 கிலோ தாண்டியாயிற்று.

இழுவைத் திறனை மட்டும் பார்ப்பது

"4,500 கிலோ இழுக்கும்" என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கதவுச் சட்டத்தின் இன்னொரு ஸ்டிக்கரை விட்டுவிடுகிறார்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுதான் என்று அதில் எழுதியிருக்கும். அது 725 கிலோ என்று வையுங்கள். நான்கு பேர் 320, பின்பெட்டி மூடி 90, கருவிப்பெட்டி 60: மொத்தம் 470. மிச்சம் 255. ட்ரெய்லர் 2,700 கிலோ என்றால் கொக்கியில் இறங்கும் எடை அதில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தபட்சமே 270. இழுவைத் திறன் எவ்வளவோ மிச்சமிருக்க, தாங்கும் எடை தீர்ந்துவிட்டது.

இதைச் சரிக்கட்ட ட்ரெய்லருக்குள் சாமானைப் பின்னால் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கொக்கி எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ட்ரக்கையும் சேர்த்து இழுத்துப்போகும்.

எல்லைக்கு முன்பே ட்ரக் நிறுத்தத் தராசில் நிறுத்துங்கள். டேங்க் நிரம்பி, எல்லோரும் ஏறி, ட்ரெய்லர் மாட்டியபடி ஒருமுறை. ட்ரெய்லரைக் கழற்றி ட்ரக்கை மட்டும் இன்னொருமுறை. முதல் சீட்டில் ட்ரக்கின் இரண்டு அச்சுகளும் காட்டும் எடையிலிருந்து இரண்டாவது சீட்டின் எடையைக் கழித்தால் கொக்கி எடை கிடைக்கும்.

பதிவு எடை

ட்ரெய்லரும் சுமையும் 2,800 கிலோவைத் தாண்டினால் ஒன்ராறியோப் பதிவில் அதையும் சேர்த்து எடுங்கள்.

ஜி உரிமம்

ஒன்ராறியோவின் சாதாரண கார் உரிமமான ஜி-யில் ட்ரெய்லர் 4,600 கிலோ வரை, ட்ரக்கும் சேர்த்து மொத்தம் 11,000 கிலோ வரை இழுக்கலாம். அதற்கு மேல் இல்லை.

வணிகச் சரக்கு

எடை எவ்வளவு குறைவானாலும் இ-மேனிஃபெஸ்ட், அதாவது சுங்கத்துக்கு மின்வழியில் முன்கூட்டியே அனுப்பும் சரக்கு விவரம், வேண்டும். பொதுவாக எல்லையை அடைய ஒரு மணி நேரம் முன்பாவது அனுப்பியிருக்க வேண்டும்.

26,000 பவுண்ட்

இரட்டைப் பின்சக்கர ட்ரக் 14,000, ட்ரெய்லர் 14,000 என்று லேபிள் இருந்தால் கூட்டு 28,000. அமெரிக்காவில் அதற்கு ஏ வகை வணிக உரிமம் வேண்டும். தொழிலுக்காக ஓடும் அப்படிப்பட்ட இணை 26,000-க்கு மேல் பதிவானால் மாநிலங்களும் மாகாணங்களும் எரிபொருள் வரியைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தமான ஐ.எஃப்.டி.ஏ.வில் கணக்கும் தேவை.