நேரா போறதுக்கு ஹசார்டு போடாதீங்க ப்ளீஸ்

நாலு ரோடு சந்திப்புல நேரா போறோம்னு காட்ட நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணா மின்ன விடுற ஹசார்டு லைட்ட போட்டுட்டுப் போற பழக்கம் இன்னும் நம்மள விட்டுப் போகல. இது நெஜமாவே ஆபத்துங்க. இடது பக்க ரோட்ல நிக்கிற பைக்காரருக்கு உங்க வண்டியோட இடது லைட் மட்டும்தான் கண்ணுல படும், சரி இந்த ரோட்டுக்குள்ளதான் திரும்புறாங்கன்னு நெனச்சு அவர் கிளம்பிடுவார், நீங்க நேரா போய் அவர் மேல விடுவீங்க. நேரா போக எந்த இண்டிகேட்டரும் வேணாம்.

மழையில ஓடிட்டே ஹசார்டு போடறதும் இதே கதைதான், நீங்க லேன் மாறப் போறது பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியவே தெரியாது. மழைன்னா ஹெட்லைட்ட டிம்ல போடுங்க, பின்னாடி சிவப்பு லைட்டும் சேர்ந்து எரியும். ஹசார்டு வண்டி ரிப்பேர் ஆகி ஓரமா நிக்கிறப்போ போடறதுக்கு.

அப்புறம் லாரி விஷயம். ரெண்டு வழி ரோட்ல முன்னாடி போற லாரி ரைட் இண்டிகேட்டர் போட்டா 'நீ என்னை முந்தி ஏறிப் போ'ன்னும் அர்த்தம் இருக்கு, 'நான் ரைட்ல திரும்புறேன்'னும் அர்த்தம் இருக்கு, எதுன்னு உங்களுக்குத் தெரியாது. அத நம்பி ஏறாதீங்க, எதிர்ல ரோடு காலியான்னு உங்க கண்ணால பாத்துட்டு ஏறுங்க.

பெரும்பாலான பைக்ல இண்டிகேட்டர் தானா ஆஃப் ஆகாது, கார்லயும் லேன் மாறும்போது ஸ்டியரிங் கொஞ்சம்தான் திரும்புறதால பல நேரம் எரிஞ்சுட்டே இருக்கும். டிக்டிக் சத்தம் திடீர்னு வேகமா கேட்டா பெரும்பாலும் ஒரு பல்பு போயிருக்கு, இறங்கிப் பாருங்க.

மீட்டர்ல நீலக் கலர் லைட் எரிஞ்சா ஹை பீம்ல இருக்கீங்க. எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும், முன்னாடி போற வண்டிக்குப் பின்னாடியும் டிம் பண்ணணும்ங்கிறத பாதி பேர் மறந்துடறாங்க, அந்த வெளிச்சம் அவங்க கண்ணாடியில அடிச்சு மூஞ்சிலயே விழும்.

நிறைய கார்ல ஸ்டியரிங் பக்கத்துல ஹெட்லைட் வெளிச்சத்த ஏத்தி இறக்க 0, 1, 2, 3ன்னு ஒரு சின்ன வீல் இருக்கும், அத யாரும் தொடுறதே இல்ல. பின் சீட்ல மூணு பேரு, டிக்கி ஃபுல்லா லக்கேஜுன்னு ஊருக்குப் போறப்போ வண்டி முன்பக்கம் தூக்கிக்கும், டிம்ல போனாலும் எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும். அப்போ நம்பர ஏத்துனா வெளிச்சம் கீழ இறங்கும், லக்கேஜ் இறக்கினதும் மறக்காம 0க்கு கொண்டு வந்துடுங்க.