பலகையைப் படித்தே மலாய்

மலாய் கற்க ஆசையிருந்தால், சிங்கப்பூர்க் கட்டுமானத் தளத்து நான்மொழி (ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ்) எச்சரிக்கைப் பலகையில் முதலில் தமிழ் வரியைப் படியுங்கள், பிறகு மலாய் வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பஹாயா’ என்றால் அபாயம், ‘ஜாங்ஙான் மாசோக்’ என்றால் உள்ளே வராதீர்கள். காசு செலவில்லை.

தமிழ் வரியே பொருளைச் சொல்லிவிடுவதால் அகராதி தேடவேண்டாம். மலாய் ரோமன் எழுத்தில் இருப்பதால் புது எழுத்தும் பழக வேண்டியதில்லை. போதாததற்கு ‘கெடாய்’ நம் கடை, ‘கப்பால்’ நம் கப்பல். பாதி உறவுக்கார மொழி மாதிரிதான்!

சீனத்துக்கு இது உதவாது. எழுத்தைப் பார்த்து ஒலியோ தொனியோ பிடிபடாது; அதற்குக் காதுதான் வேண்டும். பலகை மலாய் கொஞ்சம் விறைப்பானது, ஈரச்சந்தையில் மீன்காரரிடம் அப்படிப் பேசினால் சிரிப்பார்.