ஜெர்மனி வந்து இறங்கியாச்சா? முதல் மாச சமையலுக்கு இதைப் படிச்சுட்டு கடைக்குப் போங்க

அக்டோபர்ல வின்டர் செமஸ்டர், ஏப்ரல்ல சம்மர் செமஸ்டர்னு நம்ம பசங்களும் பொண்ணுங்களும் கூட்டமா வந்து இறங்குறாங்க, வேலைக்கு வர்றவங்க வருஷம் பூரா வந்துட்டே இருக்காங்க. வந்த புதுசுல பாதிப் பேரு பிரெட், டோனர் கபாப், ஃப்ரோஸன் பீட்சான்னே நாலு வாரத்தை ஓட்டிடுறாங்க, கேட்டா "இங்க நம்ம சாமான் எதுவும் கிடைக்கலை"ன்னு சொல்றாங்க. அப்படி இல்லவே இல்லைங்க. உங்க தெருமுனையில இருக்கற ஆல்டி, லிடில், ரேவே எதுவா இருந்தாலும் சரி, அந்த ஒரு கடையை வெச்சே சாம்பார், ரசம், பொங்கல், மோர்க்குழம்பு எல்லாம் வைக்கலாம். தமிழ்க்கடைக்கு மாசம் ஒரு தடவை போனா போதும். எதை எடுக்கணும், எதை எடுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுடும், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

இன்னும் கிளம்பலைன்னா பெட்டி விஷயம் முதல்ல. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேர்ந்து வர்றவங்க கறி, பால் சாமான் எதுவும் கொண்டு வரக்கூடாது, அதனால நெய், பால்கோவா, பால்ல செஞ்ச ஸ்வீட் எல்லாம் வீட்லயே விட்டுட்டு வாங்க, கஸ்டம்ஸ்ல பிடிச்சா குப்பைக்குத்தான் போகும், அம்மா கையால காய்ச்சின நெய்யா இருந்தாலும் அதே கதிதான். பச்சைக் கறிவேப்பிலை, காய்கறியும் வேண்டாம், 2019 டிசம்பர்லேர்ந்து செடி கொடி காய் எல்லாத்துக்கும் சர்டிஃபிகேட் கேக்குறாங்க, தேங்காய், வாழைப்பழம் மாதிரி ஒண்ணு ரெண்டுக்குத்தான் விலக்கு. அரிசியைத் தூக்கி வராதீங்க, வெயிட் வேஸ்ட். கொண்டு வர வேண்டியது வீட்டு சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பெருங்காயம், கடுகு, கொஞ்சம் புளி, வத்தல், அப்பளம், அடி தட்டையான ஒரு சின்ன இரும்பு தாளிப்புக் கரண்டி. இதுல கடுகும் பெருங்காயமும் ரொம்ப முக்கியம், ஏன்னா சூப்பர்மார்க்கெட்ல இருக்கறது மஞ்சக் கடுகு, அது நம்ம தாளிப்பு வாசனை தராது, பெருங்காயம் அங்க கிடைக்கவே கிடைக்காது.

மிக்ஸி கொண்டு வரலாம், இங்கயும் 230 வோல்ட்தான், ப்ளக் மட்டும் சேராது, மிக்ஸியோட வாட்ஸைத் தாங்குற அடாப்டரா பாத்து வாங்குங்க. குக்கர் வாங்குறதுக்கு முன்னாடி நீங்க போற ரூம்ல இன்டக்ஷனா இல்ல சாதாரண கரண்ட் கண்ணாடி அடுப்பான்னு கேட்டுக்கோங்க. அலுமினியக் குக்கர் இன்டக்ஷன்ல வேலை செய்யாது. தெரியலைன்னா அடி தட்டையான ஸ்டீல் குக்கர், அடியில காந்தம் ஒட்டுதான்னு கடையிலயே பாத்து எடுத்தா ரெண்டுக்கும் ஆகும்.

இப்போ அடுப்பு. முக்காவாசி வாடகை வீட்டுல கேஸ் கிடையாது, செரான்னு சொல்ற கறுப்புக் கண்ணாடி அடுப்புதான். இது மெதுவா சூடாகும், அணைச்சாலும் அஞ்சு பத்து நிமிஷம் சூடு இருக்கும். கேஸ்ல பழகின கை "குறைச்சுட்டோமே"ன்னு நினைக்கும், அடுப்பு குறைஞ்சிருக்காது, அதுக்குள்ள கடுகு கருகிடும். அதனால தாளிக்கும்போது குறைக்கறதை நம்பாதீங்க, கரண்டியைத் தூக்கி பக்கத்துல இருக்கற சூடில்லாத அடுப்புக்கு மாத்துங்க. பால், குக்கர் எல்லாத்துக்கும் இதே வழிதான். சோறு வடிக்கறவங்க கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே அணைச்சுடலாம், மிச்ச சூட்டுலயே வெந்துடும், கரண்ட்டும் மிச்சம். அடி வளைஞ்ச கடாய், உருண்டைச் சட்டி இதுல உக்காராது, இரும்பு தோசைக்கல்லை கண்ணாடி மேல இழுத்தா கீறல் விழும், தூக்கித்தான் வைக்கணும். சர்க்கரைப் பாகு சிந்தினா உடனே வழிச்சு எடுங்க, ஆறி ஒட்டிக்கிட்டா கண்ணாடியே பேந்து வரும், அப்புறம் வீட்டைக் காலி பண்ணும்போது டெபாசிட்ல கை வைப்பாங்க.

கடைக்குள்ள போலாம் வாங்க.

அரிசி, பாஸ்மதி எல்லா கடையிலயும் உண்டு, சாம்பார் ஊத்திச் சாப்பிட அது அவ்வளவு ஒட்டாது ஆனா பழகிடும். நான் எல்லாருக்கும் சொல்றது மில்ஷ்ரைஸ், பால் பாயாசம் மாதிரி ஒண்ணு இவங்க செய்யறதுக்கு விக்கற குண்டு அரிசி, விலையும் கம்மி, குழைஞ்சு வரும், தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் இதை அடிச்சுக்க இங்க வேற அரிசி கிடையாது. பருப்புக்கு ரோட்ட லின்சன், நம்ம மைசூர் பருப்புதான், குக்கரே வேண்டாம், பாத்திரத்துல கால் மணி நேரத்துல கரைஞ்சுடும். ம்யூனிக் மாதிரி ஊர்ல தண்ணி ரொம்ப கடினம், துவரம்பருப்பு, கொண்டக்கடலை எல்லாம் வேகவே வேகாது, நல்லா ஊற வெச்சு நாட்ரோன்னு விக்கற சோடா ஒரே ஒரு சிட்டிகை போடுங்க.

மசாலா அலமாரியில ஒரு பெரிய பள்ளம் இருக்கு. கூமெல்னு எழுதியிருக்கறது பாக்க அச்சு அசல் சீரகம், ஆனா அது சீரகம் இல்ல, வேற செடி, வேற வாசனை, ரசத்துல போட்டா மொத்த ரசமும் போச்சு. நமக்கு வேணுங்கறது க்ராய்ட்ஸ்கூமெல். இதை ஃபோன்ல எழுதி வெச்சுக்கிட்டே போங்க. அதே மாதிரி ஆசியக் கடையில வறுத்த எள் எண்ணெய் ஒண்ணு கறுப்பா குட்டி பாட்டில்ல இருக்கும், நல்லெண்ணெய்னு நினைச்சு புளிக்குழம்புல ஊத்திடாதீங்க, அது வேற வாசனை, நம்ம நல்லெண்ணெய் தமிழ்க்கடையிலதான். அன்னாடத்துக்கு சூரியகாந்தி எண்ணெய் போதும். நெய்க்கு புட்டர்ஷ்மால்ட்ஸ்னு டப்பாவுல கிடைக்கும், உருக்கின வெண்ணெய்தான், இல்லைன்னா உப்பில்லாத 250 கிராம் வெண்ணெய் வாங்கி அடி கனமான பாத்திரத்துல சின்ன தீயில காய்ச்சுங்க, மணம் வந்து அடியில பொன்னிறமா கசடு தங்கினதும் வடிகட்டுங்க, அதுல வர்ற மணம் டப்பாவுல வராது.

ரவை வாங்கறப்போ க்ரீஸ்னு ரெண்டு பாக்கெட் இருக்கும். ஹார்ட்வைட்சன் உப்புமாவுக்கு, உதிரியா வரும். வைஷ்வைட்சன் குழைஞ்சுடும், அதை கேசரிக்கும் ரவா தோசைக்கும் வெச்சுக்கோங்க. மைதா வேணும்னா 405ன்னு போட்ட மாவு, சப்பாத்திக்கு 1050 இல்லைன்னா முழு கோதுமை மாவு கூட கொஞ்சம் 405 கலந்து சுடுதண்ணியில பிசைஞ்சு அரை மணி நேரம் ஊற விடுங்க. உருளைக்கிழங்குலயும் ரெண்டு வகை, ஃபெஸ்ட்கோஹென்ட்னு போட்டா உடையாது, பொரியலுக்கு வறுவலுக்கு அது, மேலிக்கோஹென்ட் மாவா உதிரும், மசாலா தோசைக்கும் பூரிக் கிழங்குக்கும் அது.

காய்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஏன்னா நம்ம ஆளுங்க இங்க காயே இல்லைன்னு நினைச்சுட்டு கோல்ராபியைத் தாண்டிப் போறாங்க, அது நம்ம நூக்கல்ங்க! ஊர்ல தேடினாலும் கிடைக்காத இளசா இங்க எல்லாக் கடையிலயும் குவிஞ்சிருக்கும், தோலைச் சீவி சாம்பார்ல போடுங்க, கூட்டு வைங்க. வெள்ளை முள்ளங்கிக்கு ரெட்டிஷ். கோஸ் வாங்கினா உருண்டையா கெட்டியா இருக்கறதை விட கூம்பு மாதிரி நீளமா இருக்கற ஷ்பிட்ஸ்கோல் எடுங்க, இளசு, அஞ்சு நிமிஷத்துல பொரியல் ஆயிடும். சுரைக்காய்க்கு பதிலா சுக்கினி. செப்டம்பர் அக்டோபர்ல ஆரஞ்சு கலர்ல ஹொக்கைடோ பூசணி வரும், தோலோடயே வெட்டிப் போட்டு பரங்கிக்காய் புளிக்குழம்பு வைங்க, தோலும் வெந்துடும். கீரைக்கு ஃப்ரோஸன் பாலக், ஆனா க்ரீம் கலந்த பாக்கெட் ஒண்ணு பக்கத்துலயே இருக்கும், வெறும் இலை மட்டும் இருக்கறதா பாத்து எடுங்க. கொத்தமல்லி, புதினா கட்டு, சின்னக் கத்திரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் துருக்கிக் கடையில சூப்பர்மார்க்கெட்டை விட மலிவு, கட்டும் பெருசு.

சரி, வந்த முதல் ராத்திரிக்கே செய்யற மாதிரி சாம்பார். ரோட்ட லின்சன் அரை டம்ளர் கழுவி, ரெண்டு டம்ளர் தண்ணி, மஞ்சத்தூள், ஒரு நூக்கல் பொடியா வெட்டினது, ஒரு வெங்காயம், எல்லாம் ஒண்ணாப் போட்டு வேக விடுங்க, நுரை வந்தா வழிச்சு எடுத்துடுங்க. காய் வெந்ததும் பாசாட்டான்னு டெட்ரா பேக்ல வர்ற தக்காளி விழுது நாலு ஸ்பூன், சாம்பார் பொடி ரெண்டு ஸ்பூன், உப்பு, பத்து நிமிஷம் கொதி. புளி இருந்தா தக்காளியோடயே ஊத்துங்க, இல்லைன்னா இறக்கினப்புறம் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்க, அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா கசக்கும். கடுகு, க்ராய்ட்ஸ்கூமெல், மிளகாய் வத்தல், பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சுது. இந்தப் பருப்பு ஆற ஆற இறுகும், மறுநாள் சுடுதண்ணி கலந்துக்கோங்க.

ரசத்துக்கும் அதே பாசாட்டாதான், குளிர் காலத்துல கடையில சிவப்பா மின்னுற தக்காளியில ருசியே இருக்காது, நம்பி வாங்காதீங்க. கால் டம்ளர் விழுது, ரெண்டு டம்ளர் தண்ணி, இடிச்ச மிளகு சீரகம் பூண்டு, நுரை கூடி வந்ததும் இறக்கி எலுமிச்சை, மேல கொத்தமல்லி. சளி பிடிச்சு படுத்திருக்கறப்போ ரூம்மேட்டுக்கு இதை வெச்சுக் கொடுங்க, வாழ்நாள் பூரா மறக்க மாட்டாங்க.

மோர்க்குழம்பு இங்க ஊரை விட ஈசி. புட்டர்மில்ஷ்னு அரை லிட்டர் கப் எல்லாக் கடையிலயும் இருக்கு, நல்ல புளிப்பு, தயிரைப் புளிக்க வைக்கற வேலையே இல்ல. கேக் சாமான் பக்கத்துல இருக்கற காஞ்ச தேங்காய்த் துருவல் ரெண்டு ஸ்பூனை சுடுதண்ணியில கால் மணி நேரம் ஊற வெச்சு, பச்சைமிளகாய், சீரகம், ஒரு ஸ்பூன் கடலைமாவு சேத்து அரைச்சு மோர்ல கலக்குங்க. வெந்த சுக்கினியோ பூசணியோ போட்டு சின்ன தீயில கிண்டிக்கிட்டே இருங்க, ஓரத்துல நுரை கட்டினதும் சூடில்லாத அடுப்புக்கு மாத்திடுங்க, கொதிச்சா திரிஞ்சுடும். தேங்காய்ச் சட்னிக்கும் இதே மாதிரி ஊற வெச்ச துருவல்தான், ஊறப்போடாம அரைச்சா மரத்தூள் மாதிரி வாயில நிக்கும்.

பொங்கலுக்கு மில்ஷ்ரைஸ் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர் வறுத்தது, இல்லைன்னா ரோட்ட லின்சன் கால் டம்ளர், தண்ணி ஆறு டம்ளர், பாத்திரத்துலயே அரை மணி நேரம் அப்பப்போ கிண்டி விட்டா மசிஞ்சுடும். மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, நெய், இதுல நெய்க்கு கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

கடைத்தயிர் பெரும்பாலும் மைல்டா இருக்கும், அதுல தயிர்சாதம் சப்புன்னு இருக்குன்னு நிறைய பேருக்கு வருத்தம். வீட்டுலயே உறை ஊத்துங்க. ஹா-மில்ஷ்னு டெட்ரா பேக்ல வர்ற பாலைக் காய்ச்சவே வேண்டாம், கை பொறுக்கற சூடு பண்ணி ஒரு ஸ்பூன் சாதா தயிர் கலந்து மூடி ஓவன் உள்ள வெச்சு லைட்டை மட்டும் போட்டு விடுங்க, ராத்திரி வெச்சா காலையில தயிர். புளிப்பு வேணும்னா இன்னும் மூணு நாலு மணி நேரம் விட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க.

இட்லி மாவும் அதே ஓவன் லைட்தான். குளிர் காலத்துல ரூம்ல 20 டிகிரி கூட இருக்காது, வெளிய வெச்சா ரெண்டு நாள் ஆனாலும் பொங்காது. இட்லி அரிசி நாலு, உளுந்து ஒண்ணு, கொஞ்சம் வெந்தயம், மிக்ஸி சூடாகாம ஐஸ் தண்ணி விட்டு அரைச்சு, உப்பு போட்டு கையாலயே கரைச்சு, பாத்திரத்துல பாதிக்கு மேல இடம் விட்டு, அடியில ஒரு தட்டு வெச்சு ஓவனுக்குள்ள 12லேர்ந்து 16 மணி நேரம். ஓவன் கதவுல ஒரு பேப்பர் ஒட்டிடுங்க, ரூம்மேட் தெரியாம பீட்சாவுக்கு ஆன் பண்ணிடுவாங்க. அரைக்கறதை சனிக்கிழமை பகல்ல வெச்சுக்கோங்க, ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும், ஞாயிறு முழு நாளும் சத்தம் கூடாது, மிக்ஸி சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க. ஞாயிறு கடையும் கிடையாது, பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்கறது மாதிரி சிலதுதான் திறந்திருக்கும், பவேரியாவுல மத்த நாள்லயும் ராத்திரி 8க்கு மூடிடுவாங்க. தாளிக்கறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறங்க, ரூம் கதவைச் சாத்துங்க, வீட்டு நடையிலயும் பெட்ரூம்லயும் ஸ்மோக் அலாரம் இருக்கு, மொளகா நெடிக்கு கத்த ஆரம்பிச்சுடும்.

கறி மீனுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கோழியில நெஞ்சுக்கறி வேண்டாம், குழம்புல சக்கையா போயிடும், கால் துண்டு எடுங்க. துருக்கிக் கறிக்கடையில கேட்டா எலும்போட குழம்பு சைஸ்ல வெட்டிக் கொடுப்பாங்க. ஃப்ரோஸன் வெள்ளை மீன் எல்லாம் குழம்புல உடைஞ்சுடும், முழு கானாங்கெளுத்தி கிடைச்சா வாங்குங்க, மக்ரேலன்னு சொல்வாங்க, புகை போட்டதும் அதே பேர்ல இருக்கும், அதை எடுக்காதீங்க.

கடைசியா தமிழ்க்கடை. 80கள்லேர்ந்து ஈழத்துலேர்ந்து வந்து குடியேறின நம்ம ஜனங்க நடத்தற கடை டார்ட்மண்ட், எஸ்ஸன், கொலோன், ஸ்டுட்கார்ட், பெர்லின்னு பல ஊர்ல இருக்கு, அவங்க பட்ட பாட்டாலதான் நமக்கு இன்னைக்கு இங்க முருங்கைக்காய் கிடைக்குது, "அண்ணை", "அக்கா"ன்னு கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுங்க, எந்தக் கிழமை புதுக் காய் வருதுன்னு அவங்களே சொல்வாங்க, அன்னைக்குப் போங்க. அங்க வாங்க வேண்டியது இட்லி அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், ஃப்ரோஸன் தேங்காய்த் துருவல், புளி, அவங்க வறுத்து அரைச்ச யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் ஒரு பாக்கெட், மீன் குழம்புக்கு அதை ஒரு தடவை போட்டுப் பாருங்க. கறிவேப்பிலை ரெண்டு கட்டா வாங்கி, உருவி, கழுவி, துணியில ஈரம் போக உலர்த்தி ஜிப் கவர்ல ஃப்ரீசர்ல போடுங்க. எடுத்து உருக வைக்காதீங்க, கறுத்துடும், அப்படியே எண்ணெய்ல போடுங்க, பட்டுன்னு தெறிக்கும், மூடி ஒண்ணு கையில வெச்சுக்கோங்க.