பிட்எக்ஸ்40-இல் மோர்ஸ் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 என்ற அமெச்சூர் ரேடியோ (ஹாம்) டிரான்ஸ்சீவர் போர்டு 2016-இல் வந்தபோது அதில் பேச மட்டும்தான் முடிந்தது. 40 மீட்டர் பேண்ட், எல்எஸ்பி (டயல் அதிர்வெண்ணுக்குக் கீழே குரல் போகும் முறை), ஒரு மைக், பேசும்போது அழுத்தும் ஒரு பிடிடி சுவிட்ச், அவ்வளவுதான். மோர்ஸ் கீ செருக இடமே கிடையாது. 2017 கடைசியில் வந்த மைக்ரோ பிட்எக்ஸில் சிடபிள்யூ, அதாவது மோர்ஸ், கூடவே வந்துவிட்டது. ஆனாலும் பழைய பிட்எக்ஸ்40 இன்னும் பல ஹாம்களின் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்குக் கைமாறியும் போகிறது. கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் கேட்பது, "இதுல சிடபிள்யூ எப்படிச் சேர்க்கிறது?" என்பதைத்தான்.

சேர்க்கலாம். சேர்க்கவும் வேண்டும், ஏனென்றால் ஐந்தாறு வாட் சக்தியில் குரல் போகாத இடத்துக்கு மோர்ஸ் போகும். ஆனால் ஒரே மாதிரியான சில தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். அவற்றில் சில, ஆரம்பத்தில் நானும் செய்தவை. பேட்டரியின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது, ரிலே காயிலுக்கு டயோடு போடாமல் விடுவது, குளிர்ந்த சால்டர் மூட்டு போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

சதுர அலையை மைக்கில் கொடுப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிட்எக்ஸ்40-உடன் வந்த, அதிர்வெண்ணை உண்டாக்கும் ராடுயினோ கார்டில் ஆர்டுயினோ நானோ இருக்கிறது. டோன் கட்டளை கொடுத்தால் அதன் ஒரு பின்னில் 700 ஹெர்ட்ஸ் ஒலி வந்துவிடும். அதை ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வழியாக மைக் உள்ளீட்டில் கொடுத்து, கீயை அழுத்தும்போது பிடிடியும் இழுக்குமாறு செய்துவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். பவர் மீட்டர் ஊசி எழும்பும். பக்கத்து ரிசீவரில் "டா டி டா" என்று கேட்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

திருச்சிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி இப்படிச் செய்துவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, மீட்டர்ல அஞ்சு வாட் காட்டுது. ஆனா ரெண்டு பேர் வந்து 'இடத்தை விட்டு நகருங்க'ன்னு சொல்றாங்க. நான் சும்மா இருக்கிற இடத்துலதானே கூப்பிட்டேன்?" என்றார். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு போட்டு, எஸ்டிஆரின் (கணினி வழி ரிசீவர்) வாட்டர்ஃபால் திரையைப் பார்க்கச் சொன்னேன். அவர் டயலை வைத்திருந்தது 7030.0 கிலோஹெர்ட்ஸில். திரையில் அவர் அனுப்பியது ஒரு கோடாக வரவில்லை, ஐந்து கோடாக வந்தது.

முதல் கோடு 7029.3-இல், பளிச்சென்று. எல்எஸ்பி என்பதால் 700 ஹெர்ட்ஸ் ஒலி டயலுக்குக் கீழே 700 ஹெர்ட்ஸ் தள்ளி வெளியேறுகிறது. இது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது 7027.9-இல். சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் ஒற்றைப்படை மடங்குகளும் இருக்கும். மூன்றாம் மடங்கு 2100 ஹெர்ட்ஸ். குரலுக்காகவே செய்யப்பட்ட கிறிஸ்டல் ஃபில்டர் 2100 ஹெர்ட்ஸைத் தடுக்காது, அது பேச்சுக்குள் அடங்கும் அதிர்வெண். சதுர அலையில் மூன்றாம் மடங்கின் வீச்சு மூன்றில் ஒரு பங்கு, சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு. முதன்மை 5 வாட் என்றால் அங்கே அரை வாட்டுக்கு மேல் போகிறது. அரை வாட் மோர்ஸ் மாநிலம் தாண்டிக் கேட்கும். அந்த இரண்டு பேர் கோபப்பட்டதில் தப்பே இல்லை.

மூன்றாவது கோடு 7030.0-இலேயே, மெல்லியதாக. கீயை விட்ட பிறகும், பிடிடி விழும்வரை அது அப்படியே நின்றது. ஒலியைக் கேரியரில் (ஒலியைச் சுமக்கும் மூல அலை) ஏற்றிவிட்டு அந்தக் கேரியரை அடக்குவது பேலன்ஸ்டு மாடுலேட்டரின் வேலை; அது முழுதாக அடக்காமல் விட்ட கேரியர் அது. பேசும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். மோர்ஸில் புள்ளிகளுக்கு இடையிலான அமைதியில் அது ஒரு தொடர் ஊதலாகக் கேட்கும்.

மீதி இரண்டும் 7028.6-இலும் 7026.5-இலும். இவை ஃபில்டருக்குப் பிறகு பிறந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் சேர்ந்து, கடைசி பவர் டிரான்சிஸ்டரான ஐஆர்எஃப்510-ஐ அதன் எல்லைவரை ஓட்டும்போது அவை ஒன்றோடொன்று கலந்து புதியவற்றை உண்டாக்குகின்றன. 700-ம் கசிந்த கேரியரும் கலந்து 1400, 2100-ம் 700-ம் கலந்து 3500. ஃபில்டர் இவற்றுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, இனி அதனால் எதுவும் செய்ய முடியாது.

இதில் எரிச்சல் என்னவென்றால், அனுப்புகிறவருக்கு எதுவுமே தெரியாது. பவர் மீட்டர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். ஊசி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு சந்தோஷப்பட்டு மைக் கெயினை இன்னும் ஏற்றுவார்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் தொல்லை. பேண்டின் கீழ் ஓரத்துக்குப் போனால் சட்டச் சிக்கலும் உண்டு. டயல் 7000.5 காட்டுகிறது, உள்ளேதான் இருக்கிறோம் என்று நினைப்போம். உண்மையில் சிக்னல் 6999.8-இல், மூன்றாம் மடங்கு 6998.4-இல். இரண்டும் நமக்கு அனுமதியில்லாத இடம்.

ஒலி வழியாகத்தான் செய்வேன் என்றால், மைக்குக்கு முன் சதுரத்தைச் சைன் ஆக்குங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து தரைக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இதை மூன்று முறை அடுத்தடுத்துப் போட்டால், மூன்றாம் மடங்கு முதன்மையைவிட ஏறக்குறைய 26 டெசிபல் கீழே இறங்கும். வெறும் சதுர அலையில் இது 9.5 டெசிபல்தான். அப்புறம், மூன்று அடுக்கு தாண்டியும் அரை வோல்ட் அளவுக்கு ஒலி மிஞ்சும். மைக் ஆம்ப்ளிஃபயருக்குச் சில மில்லிவோல்ட் போதும். இடையில் ஒரு பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு நன்றாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த சைன் அலையின் தலையை அந்த ஆம்ப்ளிஃபயரே சீவி, திரும்பச் சதுரமாக்கிவிடும்.

இதைவிட நல்ல வழி, ஒலியே இல்லாமல் செய்வது. பேலன்ஸ்டு மாடுலேட்டருக்கு ரெசிஸ்டர் வழியாகச் சிறிதளவு டிசி கொடுத்தால் அதன் சமநிலை கெடும், பிஎஃப்ஓ (கேரியரை உண்டாக்கும் ஆஸிலேட்டர்) தரும் கேரியர் நேராக வெளியே வரும். ஒரே அதிர்வெண், ஒரே கோடு. மூன்றாம் மடங்குக்கு அங்கே வேலையே இல்லை. நான் எல்லாருக்கும் சொல்வது இந்த வழியைத்தான்.

கேரியர் மெலிந்து வந்தால் டிரைவை ஏற்றுவது

ஏற்றாதீர்கள். எல்எஸ்பிக்காக பிஎஃப்ஓ, கிறிஸ்டல் ஃபில்டரின் ஓரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே கேரியர் கொஞ்சம் மெலியத்தான் செய்யும். 3 வாட் சுத்தமாக வந்தால் 3 வாட்டிலேயே பேசுங்கள்.

அனுப்பும் அதிர்வெண்ணை நகர்த்தாமல் விடுவது

டிசி வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. கேட்கும்போது எதிர்முனை நிலையம் 700 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்டால், அவர் உங்கள் டயலுக்கு 700 ஹெர்ட்ஸ் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் கீயை அழுத்தும்போது கேரியரோ டயல் அதிர்வெண்ணிலேயே போகிறது. அவருடைய சிடபிள்யூ ஃபில்டர் குறுகலாக இருந்தால் உங்களைக் கேட்கவே மாட்டார். "எல்லாரையும் நல்லா கேக்குது, ஒருத்தரும் திரும்பி வர மாட்டேங்கிறாங்க" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இதுதான். ஆன்டெனாவைக் கழற்றி மாட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அனுப்பும்போது மட்டும் விஎஃப்ஓவை (டயலோடு மாறும் ஆஸிலேட்டர்) 700 ஹெர்ட்ஸ் நகர்த்துமாறு நிரலில் எழுத வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிட்எக்ஸ்40-இல் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) 12 மெகாஹெர்ட்ஸ், விஎஃப்ஓ 5 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. ஐஎஃப்பிலிருந்து விஎஃப்ஓவைக் கழித்தால் வருவதுதான் 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னல். ஆகவே விஎஃப்ஓ ஏறினால் சிக்னல் இறங்கும். சிக்னலை 700 ஹெர்ட்ஸ் கீழே கொண்டுபோக விஎஃப்ஓவை 700 ஹெர்ட்ஸ் மேலே ஏற்ற வேண்டும். குறியை மாற்றிப் போட்டால் 700 தள்ளியிருந்தவர் 1400 தள்ளிப் போய்விடுவார்.

ரிலே உட்காரும் முன் கேரியரைக் கொடுப்பது

கீயை அழுத்தியதும் ரிலேயும் கேரியரும் ஒரே நொடியில் எழுந்தால், ரிலேயின் தொடுமுனை இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே ஆர்எஃப் பாயும். முனைகள் கருகும். அந்தக் கணத்தில் ஆன்டெனாவும் இணைந்திருக்காது, ஐஆர்எஃப்510 வெறுமைக்குள் சக்தியைத் தள்ளும். எப்போதாவது நடப்பதென்றால் தாங்கும். மோர்ஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடந்தால் தாங்காது. நிரலில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ரிலே, 15 மில்லிசெகண்ட் பொறுத்துக் கேரியர். முடிக்கும்போது முதலில் கேரியர் விழட்டும், கடைசிப் புள்ளிக்குப் பிறகு அரை நொடிபோல ரிலே பிடித்திருக்கட்டும். அப்போதுதான் சொல்லுக்குச் சொல் 'டக் டக்' என்று அடிக்காது.

கேரியரும் சட்டென்று எழக்கூடாது. கூர்மையான விளிம்பு இரண்டு பக்கமும் கிளிக் சத்தமாகப் பரவி, ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். எழவும் விழவும் 5 மில்லிசெகண்ட் வேண்டும். மாடுலேட்டருக்குப் போகும் டிசி கம்பியில் ஒரே ரெசிஸ்டருக்குப் பதில் இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, நடுவிலிருந்து தரைக்கு 1 மைக்ரோஃபாரட் கொடுங்கள். கணக்கு ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருட்கள்தான். இதைப் போடாமல் விட எந்த நியாயமும் இல்லை.

மைக்கை அணைக்காமல் விடுவது

கேரியரோடு மின்விசிறிச் சத்தமும் போகும்.

குரலுக்கான ஹீட்சிங்கை நம்புவது

பேச்சில் இடைவெளி அதிகம், ஐஆர்எஃப்510 இளைப்பாறிக்கொள்ளும். கீயை அழுத்திப் பிடித்து ஆன்டெனா டியூன் செய்யும்போது அதற்கு மூச்சுவிட நேரமில்லை. பெரிய ஹீட்சிங்க் போடுங்கள். அதன் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது என்பதால், பெட்டியின் உடம்பில் பொருத்தும்போது மைக்கா தகடு இல்லாமல் பொருத்தாதீர்கள். பவர் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி மின்சாரம் கொடுக்க வசதி இருக்கிறதே என்று 24 வோல்ட்டுக்கு ஓடுவதை, 12 வோல்ட்டில் எல்லாம் சுத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அளவுத்திருத்த எண்களைக் குறித்துக்கொள்ளாமல் புது நிரலை ஏற்றுவது

ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

எஸ்டிஆரில் தெரிவதையெல்லாம் அப்படியே நம்புவது

மேலே சொன்ன ஐந்து கோடு கதையைப் படித்துவிட்டு, ஆன்டெனா போட்ட எஸ்டிஆரை ரிக்குக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து, "எனக்குப் பத்து கோடு வருது" என்று பதறுகிறவர்களும் உண்டு. அருகில் இருக்கும் ரிசீவர் திணறினால் இல்லாத கோடுகளைத் தானே வரையும். எஸ்டிஆரின் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். டம்மி லோடுக்குச் சில அடி தள்ளி வையுங்கள், கெயினையும் குறையுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் எஸ்டிஆரின் உள்ளீட்டில் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள். முதன்மைக் கோடு 10 டெசிபல் இறங்கும். சந்தேகக் கோடும் அதே 10 டெசிபல் இறங்கினால் அது உங்கள் ரிக்கிலிருந்து வருவது, சால்டரிங் அயர்னைத் திரும்பச் சூடேற்ற வேண்டும். இருபது முப்பது டெசிபல் விழுந்தாலோ அடியோடு மறைந்தாலோ, அது ரிசீவருக்குள்ளேயே பிறந்தது, ரிக்கைத் தொடாதீர்கள்.