காய்ச்சல் வந்ததும் ஊசி கேட்காதீர்கள்

ஏற்காட்டுக்குப் போய் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்த மூன்றாம் நாள் எனக்குச் சளி பிடித்தது. "மலைக்குளிர் ஒத்துக்கலை" என்றார் அம்மா. பாவம், குளிர் என்ன செய்யும்? சளியைத் தருவது வைரஸ். நெரிசலான பேருந்தில் யாரோ தும்மியிருப்பார்கள்.

அம்மாவாவது பழிதான் போட்டார். நான் மெடிக்கலுக்குப் போய் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கி நாலு வேளை விழுங்கினேன். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் நமக்கு உதவும் பாக்டீரியாக்கள்தான் அடிவாங்கின. சளியோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

காய்ச்சலை நோய் என்றே நினைக்கிறோம். கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் சில வேதிப்பொருட்களைச் சுரக்க, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. சூட்டில் பல கிருமிகள் பெருகத் திணறும், வெள்ளை அணுக்களோ சுறுசுறுப்பாகும். அதனால் 100 டிகிரிக்கே பதறவேண்டாம். உடம்புவலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் போதும். டெங்குவாக இருக்கக்கூடிய காலத்தில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். மூன்று நாள் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, மூன்று மாதம் நிரம்பாத குழந்தையாக இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

"ஒரே ஊசியில் எழுந்து உட்காரணும்" என்று கேட்பது இன்னும் மோசம். அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் சட்டென்று இறங்கும். ஆனால் அடங்கியது கிருமி அல்ல, அதோடு மல்லுக்கட்டிய நம் எதிர்ப்பு சக்திதான்.

அப்புறம், சேர்வராயன் மலை மிளகு போட்ட கசாயம். எனக்கும் பிடிக்கும், தொண்டைக்கு இதம். 'எதிர்ப்பு சக்தி ஏறும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது தொட்டியில் நிரப்பும் தண்ணீர் இல்லை. தேவையில்லாத இடத்தில் பொங்கினால் அதுவே ஒவ்வாமை, முடக்குவாதம்.

வேடிக்கை என்னவென்றால், காய்ச்சலுக்கு ஊசி கேட்டு அடம்பிடிப்பவர்கள்தான், காயம் பட்டால் டெட்டனஸ் என்ற ரண ஜன்னியைத் தடுக்கப் போடும் டிடி ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். "துருப்பிடித்த ஆணி இல்லையே, முள்தானே" என்பார்கள். துருவில் ஒன்றுமில்லை, டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவருக்கு முள்ளே போதும். பல நோய்களை ஒருமுறை பட்டால் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கு அந்த நினைவுகூடத் தங்காது. நோயை வரவழைக்கும் நச்சின் அளவு அவ்வளவு சொற்பம். அவருக்கும் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை.