படித்தது நினைவில் நிற்க, இரவை ஒதுக்குவது எப்படி?

தேர்வுக்கு முந்தைய இரவில் கண்விழித்துப் படிக்கும் மாணவர்கள், படித்ததைப் பதிய வைக்கும் வேலையின் முக்கியமான ஒரு பகுதியை மூளை உறக்கத்தில்தான் செய்கிறது என்பதை அறிந்தால் அந்த இரவை வேறு விதமாகத் திட்டமிடுவார்கள். ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பற்றிய தம் பதிவுகளை 1929இல் வெளியிட்டார். அந்த அலைகளுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

முதலில், படிக்கும் நேரம். புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியில், நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை எழுந்தடங்கும் தீட்டா அலையும், அதன் மேல் ஏறி வரும் வேகமான காமா அலையும் காணப்படுகின்றன. ஒரு தீட்டா சுற்றுக்குள் அடங்கும் சில காமா சுற்றுகள் ஒவ்வொன்றும் ஒரு செய்தியைத் தாங்குகின்றன என்று ஆய்வாளர்கள் லிஸ்மனும் இடியார்ட்டும் 1995இல் முன்வைத்தார்கள். இது கருதுகோளே என்றாலும், மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது மிகச் சில செய்திகளையே என்பது நாம் அனைவரும் உணர்ந்ததுதான். ஆகவே நான்கைந்து கருத்துகளை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அவற்றைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். அதன் பிறகே அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

அடுத்தது உறக்கம். என் பார்வையில் இதுவே முக்கியமான படி. ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக எழும் மெதுவான அலை, அதன் உச்சத்தோடு இசைந்து வரும் நொடிக்கு 11 முதல் 16 சுற்று வேகமுள்ள ஸ்பிண்டில் என்னும் குறுகிய அலைத்தொடர், ஹிப்போகாம்பஸில் மின்னி மறையும் ரிப்பிள் என்னும் அதிவேக அலை ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தும்போது, பகலில் கற்றது மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்குக் கடத்தப்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விழித்திருந்தபோது ஒன்றாக இயங்கிய எலியின் நரம்பணுக்கள் பின்னர் உறக்கத்திலும் ஒன்றாகவே இயங்குவதை ஆய்வாளர்கள் வில்சனும் மெக்நாட்டனும் 1994இல் காட்டினார்கள். 2009இல் பாரிசில் நடந்த ஆய்வில், உறங்கும் எலிகளின் ரிப்பிள்களை மட்டும் குலைத்தபோது அவை இடங்களைக் கற்றுக்கொள்வதில் பின்தங்கின.

இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கமும், பிற்பகுதியில் கனவுறக்கமும் ஸ்பிண்டில்கள் நிறைந்த இலேசான உறக்கமும் மிகுதி. எனவே தாமதமாகப் படுப்பதும் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைப்பதும் இரண்டுமே இழப்புதான். கடினமான பாடத்தை மாலையில் முடித்து, ஏழெட்டு மணி நேரம் தொடர்ச்சியாக உறங்குங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரத்திற்கு முன்பு அருந்திய காப்பிகூட உறக்கத்தைக் குறைக்கும் என்பதால், மாலைக் காப்பியைத் தேர்வுக் காலத்திலாவது விட்டுவிடுவது நல்லது.

2006இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்து ஆய்வாளர்கள், உறங்குவோரின் தலையில் மெதுவான அலையைப் போலவே நொடிக்கு 0.75 சுற்று வேகத்தில் இலேசான மின்னோட்டம் செலுத்தி, சொல் இணைகளை நினைவுகூரும் திறன் கூடியதைக் கண்டார்கள். அது ஆய்வகக் கண்காணிப்பில் நடந்த சோதனை. அத்தகைய கருவிகளை வீட்டில் முயலவே கூடாது.

காலையில் எழுந்ததும் புத்தகத்தைத் திறக்காமல், முந்தைய மாலை படித்ததில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி, விடுபட்டவற்றை மட்டும் மீண்டும் படியுங்கள்.