ஏர் ரைஃபிளில் பெல்லட் தேர்வு: குரூப்பைக் கெடுக்கும் தவறுகள்

சேலத்தில் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளையின் மதிப்பெண் ஓரிடத்தில் நின்றுபோனால், வீட்டில் எழும் முதல் கேள்வி "வேற துப்பாக்கி வாங்கிடலாமா?" என்பதுதான். லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் இப்போது போடும் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) அந்தத் துப்பாக்கியின் பேரலுக்கு, அதாவது குழலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

10 மீட்டர் போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். புள்ளியைப் பெல்லட்டின் ஓரம் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் என்பதால், நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். உங்களிடம் உள்ள இடம் அவ்வளவுதான். துப்பாக்கியும் பெல்லட்டும் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிட்டால், சுடுபவர் எவ்வளவு அசையாமல் நின்றாலும் ஒன்பதுகள் வந்துகொண்டே இருக்கும்.

கிளப்பில் நன்றாகச் சுடும் அண்ணன் எந்த டப்பா வாங்குகிறாரோ அதையே வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டை எடுத்தாலும் பேரலின் உள்ளளவு நூலிழை வித்தியாசப்படும். அதனால்தான் நல்ல போட்டிப் பெல்லட்டுகளைத் தலையளவு (முன்பக்க விட்டம்) பிரித்து, 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தனித்தனி டப்பாவில் விற்கிறார்கள். எடையும் பார்க்க வேண்டும். ரைஃபிளுக்கு வழக்கமாக 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதைவிட லேசானது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, மூன்றே குண்டு சுட்டுவிட்டு "இதுதான் சரி" என்று முடிவெடுப்பது. சுமாரான பெல்லட்டும் மூன்று குண்டை ஒரே துளையில் போட்டுக் காட்டும். பெல்லட் மாற்றியதும் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய ஈயம் போய்ப் புதியது பேரலில் படிய வேண்டும். அப்புறம் மேஜையில் மணல் மூட்டை வைத்து, ஒரே ஆள், ஐந்து ஐந்து குண்டாக ஐந்து அட்டை சுடட்டும். ஒவ்வோர் அட்டையிலும் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து 4.5 கழித்தால் குரூப்பின், அதாவது துளைக் கூட்டத்தின் அளவு வரும். ஐந்தின் சராசரியை எழுதி வையுங்கள். ஒரு அட்டை மட்டும் அழகாக வந்தால் அதைச் சுவரில் ஒட்டலாம், அதை வைத்து டப்பா வாங்கக் கூடாது.

இந்தச் சோதனையின்போது சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருகவே கூடாது. குரூப் இடது கீழே விழுந்தாலும் விழட்டும். குரூப் சின்னதாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எங்கே விழுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எதனால் என்ன மாறியது என்று தெரியாமல் போகும். பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் இறுக்கிப் பிடிப்பதும் தவறு. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே அந்தத் துப்பாக்கி குலுங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, லேசாகத் தாங்கினால் போதும்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் டப்பா குலுங்கினால், மென்மையான ஈயப் பெல்லட்டின் பின் விளிம்பு நசுங்கும். நசுங்கியதை ஒதுக்கிவிடுங்கள், டப்பாவின் உள்ளே நுரைப் பஞ்சு வைத்தால் பெரும்பாலும் தப்பும். ஸ்டாக் (துப்பாக்கியின் பிடிக்கட்டை) ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கிறதா என்றும் மேலே போனவுடன் பாருங்கள். சேலத்து மே மாத வெயிலில் சரிசெய்து வைத்த சைட், 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அப்படியே நிற்கும் என்று நம்பாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் குளிர் பட்டால் கிரீஸ் கெட்டியாகி வேகம் குறையும். நொடிக்கு 170 மீட்டர் வேகம் 165 ஆனால் 10 மீட்டரில் குண்டு சுமார் 1 மில்லிமீட்டர் கீழே இறங்கும். மேலே சொன்ன 2.5 மில்லிமீட்டரில் அது பெரிய பங்கு.

காப்பித் தோட்டத்தில் பறவைகளைக் குறிவைத்து பெல்லட்டைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஓர் உயிரைக் கொன்றுவிட்டு அதைப் பயிற்சி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அட்டை போதும், பின்னால் குண்டு தாங்கும் தடுப்பு இருக்கட்டும்.

மலையிலிருந்து வந்ததும் ஈரத்துக்குப் பயந்து பேரலுக்குள் எண்ணெய் விடும் பழக்கமும் ஆகாது. ஸ்பிரிங் துப்பாக்கியில் அந்த எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு, குண்டின் வேகம் கன்னாபின்னாவென்று ஏறி இறங்கும். வெளிப்புறத்தை லேசாகத் துடைத்தால் போதும். உள்ளே சுத்தம் செய்ய நுரைத் துண்டுகள் கிடைக்கின்றன. பேரலின் வாய்ப்பகுதி (குண்டு வெளியேறும் முனை) வழியாக இரும்புக் கம்பியை விட்டால் அந்த விளிம்பு கீறிப்போகும், பிறகு எந்தப் பெல்லட்டும் நேராகப் போகாது.

பொருத்தமான பெல்லட் கிடைத்ததும் டப்பாவில் உள்ள லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் அந்தப் போட்டிப் பருவத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். எண் மாறினால் அதே பெயருள்ள பெல்லட்டையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.